பந்தியில் உங்கள் பக்கத்தில் யார்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

முதல்ல மூணு கேள்வி.

கல்யாண வீட்டுல சாப்பிட்டு முடிச்சதும் இலையை எந்தப் பக்கம் மடிக்கணும்? ஸ்டார் ஹோட்டல்ல ஃபோர்க்கை எந்தக் கையில பிடிக்கணும்? வியட்நாம் போனா சாப்ஸ்டிக்கைச் சோத்துக்குள்ள நட்டு வைக்கலாமா?

மூணுக்கும் பதில் யூடியூப்ல கிடைக்கும். இலையைப் பெரும்பாலும் நம்மைப் பார்த்து மடிக்கணும், துக்க வீட்டுல அதுக்கு எதிர்ப்பக்கம். ஐரோப்பிய முறையில ஃபோர்க் இடது கையில. சாப்ஸ்டிக்கை நட்டு வைக்கவே கூடாது, ஏன்னா அது செத்தவங்களுக்குப் படைக்கிற ஊதுபத்தி மாதிரி இருக்கும். இதெல்லாம் கையைப் பற்றிய விதிகள். சாப்பாட்டு மரியாதைன்னு நமக்குச் சொல்லிக் கொடுக்கிறதும் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் தெரியும். எந்த நாட்டிலும் மனுஷங்க அடிச்சுக்கிட்டது கையைப் பற்றி இல்லை. இடத்தைப் பற்றி. யார் எங்கே உட்காரலாம், யார் பக்கத்துல உட்காரலாம், யார் முதலில், யார் கடைசியில். இந்த எபிசோடு அதைப் பற்றித்தான்.

நான் பேசுவது கொடுமுடியிலிருந்து. தெற்கே ஓடி வரும் காவிரி கிழக்கே திரும்புகிற ஊர். கரையோரம் எங்கே பார்த்தாலும் வாழைத் தோட்டம். வாழை இலைக்குப் பஞ்சம்னு ஒண்ணு இங்கே கிடையாது. இலை எல்லாருக்கும் இருந்தது. உட்காரும் இடம்தான் எல்லாருக்கும் ஒண்ணா இல்லை.

ஐரோப்பா: ஃபோர்க்குக்கு முன்னால்

மேற்கத்தியர்கள் ஆதி காலத்திலிருந்தே கத்தியும் ஃபோர்க்குமாகச் சாப்பிட்டார்கள் என்று நமக்கு ஒரு நினைப்பு உண்டு. 1530-ல் எராஸ்மஸ் என்ற அறிஞர் சிறுவர்களுக்கான நல்லொழுக்கம் பற்றி லத்தீனில் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பொதுத் தட்டில் முந்திக்கொண்டு கையை விடாதே, எண்ணெய்ப் பிசுக்கான விரலை நக்காதே, சட்டையில் துடைக்காதே என்றெல்லாம் அதில் புத்தி சொல்கிறார். அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஐரோப்பாவில் நல்ல குடும்பத்துப் பையன்கள்கூட அன்று கையால்தான் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

1611-ல் தாமஸ் கோர்யட் என்ற ஆங்கிலேயர் தன் பயணநூலில், இத்தாலிக்காரர்கள் கையால் தொடாமல் ஃபோர்க்கால் சாப்பிடுகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டு எழுதினார். அவரும் பழகிக்கொண்டு ஊர் திரும்பினார். நண்பர்கள் கேலி செய்தார்கள். நம்ம ஊரில் இன்னைக்குத் தோசையை ஃபோர்க்கால் சாப்பிடுறவரைக் கிண்டல் பண்ற மாதிரிதான்.

நார்பர்ட் எலியாஸ் என்ற சமூகவியலாளர் 1939-ல் இதைப் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். இந்தப் பழக்கங்கள் சுத்தம் கருதி வந்தவை என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை. அரசவையில் இருந்தவர்கள் தங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டப் பிடித்துக்கொண்ட நடத்தைகள் இவை. நடுத்தர வர்க்கம் அவர்களைப் பார்த்துக் கற்றது. கீழே இருப்பவர்கள் கற்றுக்கொண்டதும் மேலே இருப்பவர்கள் இன்னும் நுணுக்கமான விதிக்குப் போனார்கள்.

இருக்கை விதியோ ஃபோர்க்கைவிடப் பழசு. பழைய இங்கிலாந்தில் பெரிய வீட்டு விருந்துகளில் உப்புக் கிண்ணத்துக்கு மேலே உட்கார்வது கௌரவம், கீழே உட்கார்வது சாதாரணம். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஆசிரியர்களுக்கான உயர்மேசை இன்றும் இருக்கிறது. ஃபோர்க் இல்லாத காலத்திலும் யார் எங்கே உட்காரணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது.

வியட்நாம்: பானையைப் பார், திசையைப் பார்

வியட்நாம் வீட்டுச் சாப்பாட்டின் மையம் 'மாம்' என்ற தட்டம். பெரும்பாலும் வட்டமாக இருக்கும். அதில் எல்லாப் பதார்த்தமும் ஒரே நேரத்தில் வந்துவிடும். நடுவில் மீன் சாஸ் ஒரு கிண்ணம், எல்லாரும் தொட்டுக்கொள்ள. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னச் சோற்றுக் கிண்ணம். அதை வாய் அருகே தூக்கிச் சாப்பிட வேண்டும். மேற்கத்திய மேசையில் தட்டைத் தூக்கினால் தப்பு, அங்கே தூக்காவிட்டால் தப்பு. சூப்பு, அப்புறம் மீன், அப்புறம் இறைச்சி என்று வரிசையாகப் பரிமாறும் முறை ஐரோப்பாவிலேயே 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு முன் அங்கேயும் எல்லாவற்றையும் மேசையில் ஒன்றாக அடுக்கித்தான் வைத்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய அழைப்பு. பாரம்பரியமான வீடுகளில், சாப்பிடத் தொடங்கும் முன் வீட்டில் இளையவர் ஒவ்வொரு பெரியவரையும் உறவுமுறை சொல்லி அழைக்க வேண்டும். தாத்தா சாப்பிடுங்க, பாட்டி சாப்பிடுங்க, அப்பா சாப்பிடுங்க, இப்படி வரிசையாக. அந்த அழைப்புச் சொல் நம் காதுக்குக் கிட்டத்தட்ட 'மொய்' என்று கேட்கும். நம்ம கல்யாண மொய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்க! ஆனால் வாசலில் யார் வந்து நின்றாலும் "வாங்க, சாப்டாச்சுங்களா?" என்று தொடங்குகிற கொங்கு நாட்டுக்காரனுக்கு அது உடனே புரியும்.

அங்கே ஒரு பழமொழி உண்டு: சாப்பிடும்போது பானையைப் பார், உட்காரும்போது திசையைப் பார். பானையில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது, மற்றவர்களுக்கு வருமா என்று பார்த்துச் சாப்பிடு. பெரியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து உட்கார். முதல் பாதி அன்பு, இரண்டாம் பாதி அந்தஸ்து. பானை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் சோறு போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

கிராமத்துப் பொதுமண்டபத்தில் விருந்து நடந்தால் மேல் பாய், கீழ் பாய் என்று ஆண்களுக்குள்ளேயே பதவிக்கும் வயதுக்கும் ஏற்றபடி பிரிப்பார்கள். ஊர் நடுவில் கிடைக்கும் ஒரு துண்டு, அடுப்படி மூலையில் கிடைக்கும் ஒரு முறம் சாப்பாட்டுக்குச் சமம் என்று இன்னொரு பழமொழி. வயிறு நிறைவதைவிட யார் முன்னால் எந்தப் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்பது பெரிது. இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் முதல் பந்திதான் நினைவுக்கு வந்தது.

இலையும் எச்சிலும்

இப்போ கொங்கு நாட்டுப் பந்திக்கு வருவோம். வியட்நாம் தட்டத்துக்கும் நம்ம இலைக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் இருக்கிறது. அங்கே வாயில் வைத்த சாப்ஸ்டிக்கே பொதுக் கிண்ணத்துக்குள்ளும் போகும். நம்ம பாட்டிமார் பார்த்தால் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். எச்சில்!

எச்சில் என்ற ஒரு சொல்லை வைத்து நம் சாப்பாட்டு மரியாதை முழுவதையும் விளக்கிவிடலாம். அதனால்தான் ஆளுக்கு ஓர் இலை, ஒருமுறை சாப்பிட்டதும் எறிந்துவிடலாம். அதனால்தான் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறோம். பரிமாறுகிறவர் கரண்டி நம் இலையில் படக் கூடாது. பக்கத்து இலையிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்தாலும் பெரியவர்கள் முறைப்பார்கள்.

இதைச் சுத்தம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். சரி, ஒரு பகுதி உண்மைதான். ஆனால் கேள்வி அங்கே முடியவில்லை. அந்த எச்சில் இலையை எடுத்தது யார்?

பழைய கல்யாணங்களில் பந்திக்கு ஒரு வரிசை இருந்தது. முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரும் ஊர்ப் பெரியவர்களும். பெண்கள் பிறகு. பல வீடுகளில் மனைவி கணவன் சாப்பிட்ட அதே இலையில் சாப்பிடுவாள். ஆக எச்சில் விதிகூட எல்லாருக்கும் பொதுவானது இல்லை. மேலே இருப்பவரின் எச்சில் கீழே இருப்பவருக்குத் தீட்டு இல்லை, கீழே இருப்பவர் தொட்டால் மட்டும் மேலே இருப்பவருக்குத் தீட்டு. தோட்டத்திலும் காட்டிலும் வேலை செய்த அருந்ததியர் குடும்பங்களுக்குப் பந்தியிலேயே இடம் கிடையாது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மிச்சத்தை வாசலுக்கு வெளியே நின்று அவரவர் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பந்திக்கு இலையையும் காய்கறியையும் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து போட்டதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஈரோட்டுக்காரரும் ரயில்வே பிளாட்ஃபாரமும்

சாப்பிடும் இடத்தை ஒரு அரசியல் பிரச்சினையாக்கியதில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஈரோடு எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம். 1904-ல் ஈ.வெ.ராமசாமி, இருபதுகளில் இருந்த வியாபாரக் குடும்பத்து இளைஞர், வீட்டை விட்டுக் காசிக்குப் போனார். பிராமணர்களுக்கு மட்டும் சாப்பாடு போட்ட ஒரு சத்திரத்தில் நுழையப் பார்த்து விரட்டப்பட்டார். பசி தாங்காமல், வெளியே எறியப்பட்ட எச்சில் இலைகளில் மிஞ்சியிருந்ததைச் சாப்பிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஊரில் வசதியான ஆள். அந்த வாசலில் அந்த வசதி செல்லவில்லை.

இருபது வருடம் கழித்து, திருநெல்வேலி பக்கம் சேரன்மாதேவியில் அதே பிரச்சினை வேறு உருவத்தில் வந்தது. வ.வே.சு.ஐயர் அங்கே ஒரு தேசிய குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் அதற்குப் பணம் கொடுத்திருந்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்கள் மற்றவர்களோடு இல்லாமல் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. இரண்டே பையன்கள்தான். ஆனால் விடுதலைக்கு ஆள் தயார் செய்யும் இடத்திலேயே தனிப் பந்தியா என்று வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் கேட்டார்கள். விவகாரம் காந்தி வரைக்கும் போனது. 1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு மே மாதம் ஈரோட்டில் 'குடி அரசு' பத்திரிகை தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டே வெளியேறினார். அவர் வெளியேறியதற்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் நேரடிக் காரணம். அந்தக் கசப்பின் வேரில் இந்தச் சாப்பாட்டுக் கூடமும் இருக்கிறது.

ரயில்வே இன்னும் சுவாரசியம். பெட்டிக்குள் யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரும் நிலைமையை ரயில் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பில் தீட்டுப் பார்த்தால் ஊர் போய்ச் சேர முடியாது. ஆனால் அதே ஆட்கள் பிளாட்ஃபாரத்தில் இறங்கினால், பெரிய ஸ்டேஷன்களில் ஐரோப்பியர்களுக்கு மேசை நாற்காலி போட்ட தனி அறை, இந்தியர் சாப்பாட்டிலோ பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல் தென்னிந்திய ரயில்வே நிலையங்களில் பிராமணர்களுக்கான தனி இடம் ஒழிந்தது.

1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்க. கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள் ஆகியவற்றுக்குள் நுழைய சாதி, மதத்தைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் சாப்பாட்டுக்கடை என்ற சொல் வருவது ஏன்? அதை எழுதியவர்களுக்கு அந்த வாசல்கள் தெரியும். அதற்குப் பிறகும் 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை நீக்கப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதாக வேண்டியிருந்தது.

ஒன்றாகச் சாப்பிடுவது ஒரு போராட்டம்

தடையை உடைக்கப் பந்தியையே கையில் எடுத்தவர்களும் உண்டு. 1917-ல் கொச்சி பக்கம் செறாய் என்ற ஊரில் சகோதரன் ஐயப்பன் ஒரு சமபந்தி நடத்தினார். ஈழவர்களும் புலையர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்காக அவரையே 'புலையன் ஐயப்பன்' என்று அழைத்து அவமானப்படுத்தப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் சுயமரியாதை மாநாடுகளில் பொதுச் சாப்பாடு ஒரு அரசியல் நிகழ்ச்சியாகவே நடந்தது. இன்று சுதந்திர தினத்தன்று கோயில்களில் அரசு நடத்தும் பொது விருந்து அந்த மரபின் வாரிசு.

இதெல்லாம் போதுமா? போதாது என்று 1936-லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். ஒன்றாகச் சாப்பிடுவதால் மட்டும் சாதி போய்விடாது, கலப்பு மணம்தான் உண்மையான மருந்து என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் அதிகாரிகளோடு உட்கார்ந்து வடை பாயசம் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் டீக்கடையில் தனி கிளாஸ் என்றால் அந்தப் பந்திக்கு என்ன மதிப்பு?

மேற்கு நாடுகள் மட்டும் இதில் ஒசத்தியா? அமெரிக்காவுக்குப் போவோம். 1960 பிப்ரவரி 1, கிரீன்ஸ்போரோ. நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடைக்குப் போனார்கள். அங்கே அவர்கள் பேஸ்ட் வாங்கலாம், நோட்டு வாங்கலாம். உள்ளேயிருந்த சாப்பாட்டு கவுண்டரில் உட்கார மட்டும் கூடாது. அவர்கள் உட்கார்ந்தார்கள். காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. சில நாட்களில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள், பக்கத்து மாநிலங்களுக்கும் பரவியது. ஜூலையில் அந்தக் கடை பணிந்தது. அந்த நாலு பேரும் நேர்த்தியாக உடுத்தி வந்தவர்கள். மேசை மரியாதையில் யாரும் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது. பிரச்சினை அந்த ஸ்டூல்தான்.

தம்ளரும் சத்துணவும்

கொங்கு நாட்டின் ஸ்டூல் எது? டீக்கடை பெஞ்சு. ஒரு சாராருக்கு எவர்சில்வர் தம்ளரோ கண்ணாடி கிளாஸோ, இன்னொரு சாராருக்குச் சிரட்டை, பிறகு தனியாக வைத்த கிளாஸ். அதையும் அவர்களே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்கார முடியாது. இதற்குப் பெயர் இரட்டைக் குவளை முறை. 1955-லேயே தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் வந்தும், 2000-களில்கூட இதற்கு எதிராகக் கோவை, ஈரோடு பக்கம் போராட்டங்கள் நடந்தன. பேப்பர் கப் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைச்சோம். சில கடைகளில் அந்தப் பேப்பர் கப்பே புது ஏற்பாடாகிப் போனது: இவங்களுக்குக் கிளாஸ், அவங்களுக்குப் பேப்பர் கப்.

இன்று தமிழ்நாட்டின் மிகப்பெரிய பந்தி தினமும் பள்ளிக்கூடங்களில் நடக்கிறது. 1956-ல் காமராஜர் காலத்தில் விரிந்த மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில், ஒரே அண்டாவிலிருந்து. அதனால்தான் இங்கே அடி விழுகிறது. 2018-ல் அவிநாசி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரில் ஆதிக்க சாதியினர் சிலர் எதிர்த்தார்கள். அவரையே இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. 2023-ல் எங்கள் பக்கத்துக் கரூர் மாவட்டத்தில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம் என்று சில பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே நேரில் போய் அதைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. எழுபது வருஷச் சட்டத்துக்குப் பிறகும், ஒரு தட்டு உப்புமா சாப்பிட ஒரு கலெக்டர் தேவைப்படுகிறார்.

இப்போது பஃபே

கல்யாண மண்டபங்களில் இப்போ மேசை நாற்காலி, பேப்பர் ரோல், அதன்மேல் இலை. இன்னொரு பக்கம் பஃபே. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடி சாப்பிடுவதைப் பெரியவர்கள் திட்டுகிறார்கள். எனக்கும் அரிசிம்பருப்புச் சோத்தை நெய் ஊற்றி உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஆனால் பஃபே வரிசையில் முதல் பந்தி, கடைசிப் பந்தி கிடையாது. இலை போச்சே என்று வருத்தப்படும்போது கூடவே என்னென்ன போச்சு என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். சிலது போனதே நல்லது.

கையால் சாப்பிடலாமா, ஸ்பூனால் சாப்பிடலாமா? எதுல சௌகரியமோ அதுல சாப்பிடுங்க. வியட்நாம் நண்பர் வீட்டுக்குப் போனால் பெரியவர் தொடங்கும் வரை காத்திருங்க. லண்டன் போனால் கத்தி ஃபோர்க் பழகிக்கோங்க. இதெல்லாம் ஒரு வாரத்துல வந்துடும்.

வராதது வேற. சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ அபார்ட்மென்டில் இருக்கும் நண்பர்களே, உங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்க. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு டீ கொடுக்கத் தனியாக ஒரு தம்ளர் ஓரத்தில் இருக்கிறதா? அவர் அதை உங்கள் டைனிங் டேபிளில் உட்கார்ந்து குடிக்கிறாரா, சமையலறைத் தரையில் உட்கார்ந்து குடிக்கிறாரா? இரட்டைக் குவளை கிராமத்து டீக்கடையோடு நிற்கவில்லை. லிஃப்ட் ஏறி எட்டாவது மாடி வரைக்கும் வந்திருக்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போனால் வீட்டுப் பெரியவர்களிடம் மூணு கேள்வி கேளுங்க. உங்க காலத்துல எந்தப் பந்தியில உக்காந்தீங்க? அம்மாயி, அப்பத்தா எல்லாம் எப்போ சாப்பிட்டாங்க? எச்சில் இலையை யார் எடுத்தாங்க? சொல்றதைப் போனில் ரெக்கார்ட் பண்ணி வையுங்க. சாப்பாட்டு மரியாதை பற்றிய எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வரட்டுங்களா.